முடித்தவருக்கே சொந்தம்

1

யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு குழப்பம் வராது.

அக்கா தரையில், அலமாரிக்கு முன்னால், காலை நீட்டிக்கொண்டு. அவளுடைய கணவர் ஜன்னலோரம் மர ஸ்டூலில். கணவரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல். மடியில் பெட்டி ஒட்டும் டேப். வாங்க வந்தவர், அறையில் இருந்த ஒரே நாற்காலியில்; இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணி உறை. அக்காவின் தம்பி தொலைபேசிக்குள், ஒரு தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். அவனுக்குப் பாதி அறையும் முழு மின்விசிறியும் தெரிந்தன. கதவருகே, காலி அட்டைப்பெட்டியின் மேல், நான்.

இதில் கடைசி ஆள் பொய். நான் அங்கே இல்லை. அந்த அட்டைப்பெட்டி என் கனத்தைத் தாங்கியும் இருக்காது.

கணவர் முடிதிருத்துபவர். அவருடைய கடை நாற்காலியில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. கழுத்தில் துணியைக் கட்டி, தலையைக் குனிய வைத்து, காதோரம் கத்தியும் பிடித்திருக்கிற ஒருவர் கதை சொல்ல ஆரம்பித்தால், "அப்புறம்?" என்று கேட்பதைத் தவிர மனிதனுக்கு வேறு வழி கிடையாது. குனிந்த தலையோடு கேட்டதால் யாருடைய முகத்தையும் நான் பார்க்கவில்லை. முகங்கள் என் சரக்கு. நடந்தது அவருடையது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"தூசி படிந்த அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு காலம்…" வேண்டாம். அக்கா வீட்டில் தூசி கிடையாது. அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள். தகட்டின் மேல் ஒரு தலைமுடி விழுந்தால் யாரோ அதை எலும்பில் விரிசல் என்று படித்துவிடுவார்கள் என்று துடைத்துத் துடைத்துப் பழகிய கை.

"அலமாரியைத் திறந்ததும் அவள் கண்கள்…" இதுவும் வேண்டாம். கலங்கவே இல்லை என்று கணவர் அடித்துச் சொல்கிறார். அழுகை பிறகு வரலாம் என்று நான் கொஞ்சம் இடம் விட்டு வைத்தேன். அந்த இடம் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

"விளையாட்டு என்பது மனிதகுலத்தின்…" எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

ஆகவே உள்ளதை உள்ளபடி. தரையிலிருந்து கூரைவரை ஒரு சுவர் முழுக்க வீடியோ கேம் கேசட்டுகளும் சிடிகளும் வைத்திருந்தாள் அக்கா. சின்ன வயதிலிருந்து சேர்த்தது. ஒருநாள் அவளுக்குப் போதும் என்றாகிவிட்டது.

இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றை விடுகிறவருக்குக் காரணம் இருந்தாக வேண்டும் என்பது ஊர் வழக்கு. கண் வலிக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, வீடு மாறுகிறீர்களா, அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று நாத்தனார் வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை.

"பின்ன ஏன் அண்ணி?"

"வயிறு நிறைஞ்சா தட்டை எடுத்து வைக்கிறதில்லையா? அந்த மாதிரிதான்."

"எங்க அண்ணன் தட்டை எடுத்து வெச்சு நான் பார்த்ததே இல்லையே."

இதைக் கணவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சொன்னவர் யார் என்று மறந்துவிட்டு நானும் சிரித்தேன்.

3

அந்தச் சட்டத்தைச் சொல்லாமல் கதை நகராது.

அக்காவும் தம்பியும் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் ஒரு டிவி, ஒரு ஜாய்ஸ்டிக், ஆட இரண்டு பேர். எந்தக் கேசட் யாருடையது என்று தினமும் முடியைப் பிடித்துச் சண்டை. அவர்களுடைய அம்மா நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். ஊரார் வழக்குகளின் தீர்ப்பை அடித்து அடித்துக் கை காய்த்தவருக்கு, தானும் ஒரு தீர்ப்புச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கும். காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"யார் முதல்ல ஆடி முடிக்கிறீங்களோ அவங்களுக்குத்தான் சொந்தம். முடிச்சதுக்கு அத்தாட்சி, முடிவு என்னன்னு இன்னொருத்தர்கிட்ட வாயால சொல்லணும். சொல்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் பொது. இதுக்கு மேல அப்பீல் கிடையாது, போய்ப் படிங்க."

முடிவைச் சொல்லிவிட்டால் பெட்டியின் பின்பக்கம் ஒரு புள்ளி வைக்கலாம். அக்காவுக்குச் சிவப்பு நகப்பூச்சு. தம்பிக்கு நீல மை. புள்ளி இல்லாதது பொது. அது கீழ்வரிசையில் இருக்கும்.

(இதில் ஓர் ஓட்டை இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேட்கிறவர் இன்னும் முடிக்காதவர். சொல்கிறவர் புளுகினால் அவருக்கு எப்படித் தெரியும்? இதைக் கணவரிடம் கேட்டேன். கத்தரியை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் ஒரு நம்பிக்கைதான் சார்" என்றார். இந்த இடத்தை நினைவில் வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். தானாகவே வரும்.)

பிள்ளைகள் வளர்ந்தார்கள், சம்பாதித்தார்கள், கேசட் போய் சிடி வந்தது. சட்டம் மாறவில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபோது நகையை எண்ணிப் பார்த்தவர்களைவிடக் கேசட் மூட்டைகளை எண்ணிப் பார்த்தவர்களே அதிகம். பின்னால் தம்பியும் அக்கா வீட்டிலேயே சில வருடங்கள் தங்கி, அங்கிருந்தே வேலை தேடி, மலைக்கு மேலே ஓர் அணையில் ஷட்டர் இயக்குகிறவனாகச் சேர்ந்தான். துணிமணி எடுத்துக்கொண்டு போனான். கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனான்.

அக்கா தம்பிக்குள் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் பேச்செல்லாம் ஒரே தடத்தில். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்ததை அவள் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் அறிந்தாள். அதே வாரம் அவன் எந்தச் சுரங்கத்தில், எந்தப் பூதத்திடம் தோற்றுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அத்துப்படி. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதில் இருவரும், எதுவரை போனாய் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் ஆடுவது குறைந்ததும் அந்தக் கேள்வியும் குறைந்தது. போன் அழைப்புகள் மெலிந்தன.

ஒருமுறை, எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா என்று அவள் பட்டும் படாமலும் கேட்டாள். தம்பி சிரித்தான்.

"அதையும் குடுத்துட்டா நாம என்னத்தக்கா பேசுவோம்?"

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை என்று புரிந்தது.

வாசகரே, கதையில் பணயம் இதுதான். பெட்டிகள் இல்லை. பெட்டிகள் போன பிறகு அந்த இருவருக்கும் இடையில் ஏதாவது மிஞ்சுமா என்பது.

4

சிவப்புப் புள்ளியெல்லாம் அவளுடையது, விற்கலாம். நீலமெல்லாம் தம்பியுடையது, கட்டி அனுப்பிவிடலாம். கீழ்வரிசையை என்ன செய்வது? பொதுச்சொத்தை ஒருவர் தனியாக விற்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இவள் அம்மாவின் மகள்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டப்படியான வழி, அதனால்தான் விபரீதமானதும். கீழ்வரிசையை ஒவ்வொன்றாக ஆடி முடிப்பது. முடிவைத் தம்பிக்குச் சொல்வது. சிவப்புப் புள்ளி வைப்பது. பிறகு விற்பது.

வேலை விட்டு வந்ததும் ஆட உட்கார்ந்தாள். ஆசையில்லாமல், பாத்திரம் துலக்குகிற முனைப்போடு ஆடினாள். ஒன்றை முடித்ததும் போன். அணைப் பக்கம் சிக்னல் கிடைப்பது காவல் கோபுரத்தின் படிக்கட்டில் மட்டும்தான். தம்பி அங்கே ஏறி நின்று கேட்டான். கடலடியில் மணிகளைப் பொறுக்குகிற முக்குளிப்பவன் கடைசியில் தன் சொந்தப் படகே மூழ்கிக் கிடப்பதைக் காண்கிறான் என்று அவள் சொன்னபோது, "அடடா" என்றான். மூன்று கால் நரி ராஜாவின் நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலிக்கும் மூன்று கால்தான் என்று தெரிந்துகொள்வதைச் சொன்னபோது, காற்றுச் சத்தத்தையும் மீறிச் சிரித்தான். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும், அவள் ஏன் இதைச் செய்கிறாள் என்பதைச் சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் அவன், "அடுத்தது எதுக்கா?" என்று கேட்டுவிடுவான். அந்தக் குரலைக் கேட்டபின் சொல்ல வராது. அடுத்ததின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

அந்த மாதங்களில் அவர்கள் பேசிக்கொண்டதுபோல அதற்கு முன் பேசிக்கொண்டதே இல்லை என்றார் கணவர்.

கடைசியாக மிஞ்சியது ஒற்றைக்கண் காகம். புயலுக்குள் பறந்து தன் கூட்டைத் தேட வேண்டும். எத்தனை முறை பறந்தாலும் புயல் அடித்துக் கீழே தள்ளியது. மணிக்கட்டு வீங்கிப்போய், மறுநாள் எக்ஸ்ரே இயந்திரத்தைத் திருப்ப முடியாமல் அவதிப்பட்டாள். வாங்குகிறவரை வரச்சொன்ன நாளும் நெருங்கிவிட்டது.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"கூட்டுக்குத் திரும்பிடுதுடா. குஞ்சு வாயைத் தொறக்குது. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

"ம்ம். நல்லா இருக்குக்கா" என்றான்.

சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தை எனக்கே நம்ப முடியவில்லை. அம்மாவின் சட்டத்துக்காக மாதக்கணக்கில் மணிக்கட்டை வருத்திக்கொண்டவள் கடைசி ஒன்றில் புளுகுவாளா? இந்தப் பகுதியை அடித்துவிட்டு, அவள் எப்படியோ புயலை ஜெயித்ததாக எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணவர் கண்ணால் பார்த்தவர். அவள் கூடு, குஞ்சு என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது டிவியில் காகம் புயலில் விழுந்து கிடந்ததாம்.

"நீங்க ஒண்ணும் கேட்கலையா?" என்றேன்.

"பொண்டாட்டி பொய் சொல்றப்போ டிவியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவேன் சார். அன்னைக்கு டிவியிலயும் அதேதான் ஓடுச்சு."

5

வாங்க வந்தவரைப் பற்றி. இவரை முதலில் கெட்டவராக எழுதினேன். கண்ணைச் சுருக்குவது, உதட்டைப் பிதுக்குவது, நல்ல சரக்கைப் பார்த்து "இதெல்லாம் இப்போ யார் வாங்குறாங்க" என்று அலுத்துக்கொள்வது. இப்படி ஓர் ஆளை எழுதுவது சுலபம். கை தானாகவே ஓடும். கை தானாக ஓடினால் நிறுத்திவிட வேண்டும் என்பது நான் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி அடிவாங்கிக் கற்றது.

உண்மையில் அவர் பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கழன்றிருந்தால் சத்தம் சொல்லிவிடும். பேச்சு குறைவு. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுகிறவர்களிடம் வாங்க மாட்டார். அழுதுகொண்டே கொடுக்கிறவர்கள் மறுவாரமே திரும்பி வந்து வாசலில் நிற்பார்கள். அந்த வம்பு தனக்கு வேண்டாம் என்பார். அதனால் பெட்டியைப் பார்க்கும் நேரத்தில் பாதி நேரம் விற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று காலை அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. நிம்மதியாகக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

6

அறையில் யாரும் பேசவில்லை. கையுறைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்தார். அக்கா வாங்கி அடுக்கினாள். நாத்தனார் சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவள். சட்டை மடிப்பதுபோல மூலை மூலையாகச் சேர்த்துக் கட்டினாள். கணவரால்தான் இருப்புக்கொள்ளவில்லை. எதிரே ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பேச்சில்லாமல் நேரம் போவது அவர் தொழிலில் பெரிய குற்றம். மச்சினனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அக்கா எல்லாவற்றையும் தம்பியிடம் சொல்லியிருப்பாள் என்றே அவர் நினைத்திருந்தார். மாதக்கணக்கில் அவ்வளவு பேசியவர்கள் இதைப் பேசாமலா இருந்திருப்பார்கள்?

"வா மாப்ள, நீயும் வந்து கலந்துக்க" என்று போனைச் செம்பில் சாய்த்து வைத்தார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். போனை எடுத்துக் கவிழ்த்துவிடலாம், ஏதாவது சாக்குச் சொல்லலாம். அவள் கை அசையவில்லை.

"என்ன மாமா, ஊரே கூடியிருக்கு? வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்றது போன்.

யாரும் பதில் சொல்வதற்குள் கையுறைக்காரர் கீழ்வரிசைக்கு வந்துவிட்டார். ஒரு பெட்டியைத் திருப்பினார். இன்னொன்று. மேல்வரிசைச் சிவப்பெல்லாம் பழுப்பேறிப்போயிருந்தது. இந்த வரிசையில் சிவப்பு பளபளத்தது. பழைய சரக்கில் புதுப் பூச்சைக் கண்டால் விசாரிக்காமல் விடுவது அவர் தொழிலில் குற்றம்.

"மேடம், இதுல மட்டும் புள்ளி புதுசா இருக்கே. விக்கிறதுக்குன்னு வெச்சதா?"

அக்கா செம்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

(ஏன் "இல்லை" என்று சொல்லவில்லை? ஒரு புளுகைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அதன் ருசி பிடிக்கவில்லை. இது என் ஊகம். கணவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவர் என் பிடரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.)

"அக்கா" என்றான் தம்பி. "இத்தனை நாளா நீ போன் பண்ணுனதெல்லாம் இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான் ஆரம்பிச்சேன். ஆனா…"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. முடித்து எழுதிக் கொடுக்க எனக்கு ஆசைதான். அவள் முடிக்கவில்லை.

தம்பி கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினான். செம்பு அதிர்ந்துவிடுமோ என்று பயந்தவன்போல.

"அந்தக் காக்கா திரும்பி வராதுக்கா. கூடு இருந்த மரமே இருக்காது. அது பறந்துக்கிட்டே இருக்கும், ஆட்டத்தைச் செஞ்சவங்க பேரெல்லாம் ஓடி முடிஞ்சிடும். நீ குஞ்சு வாயைத் தொறக்குதுன்னு சொன்னப்போ, சரி, இதுவும் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அந்த வரிசை மொத்தத்தையும் அங்க இருந்தப்பவே முடிச்சுட்டேன். சொல்லலை. சொன்னா எனக்குன்னு ஆயிடும். சொல்லாம இருந்தா நமக்கு."

அதோடு திரை இருண்டது. சிக்னல் போய்விட்டது என்கிறார் கணவர். அவன்தான் துண்டித்தான் என்கிறாள் நாத்தனார். இருவரும் அண்ணன் தங்கை. இன்றுவரை இதில் சண்டை.

7

முக்குளிப்பவனின் படகு, நரியின் நாற்காலி, எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்துகொண்டே காற்றில் நின்று "அடடா" என்றிருக்கிறான். தெரிந்துகொண்டே "அடுத்தது எதுக்கா?" என்றிருக்கிறான். அக்காவின் தலைக்குள் இது ஒவ்வொன்றாக இறங்கியது. எக்ஸ்ரே படத்தில் முதலில் எல்லாம் சாம்பலாகத் தெரியும். கண் பழகப் பழகத்தான் எலும்பு தனியாக நிற்கும்.

கையுறைக்காரர் உறையைக் கழற்றத் தொடங்கினார். குடும்பக் கணக்கு ஏதோ தீராமல் இருக்கிறது, தீர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். நிறுத்திவிடலாமா அண்ணி என்று நாத்தனார் டேப்பைக் கீழே வைத்தாள். கணவர் எழுந்து நின்றார். எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

இங்கே ஓர் எழுத்தாளர் செய்யக்கூடியது வெளிப்படை. அக்கா பெட்டிகளை நெஞ்சோடு அணைத்து, "எதையும் தர முடியாது" என்று சொல்ல வேண்டும். நான் அதை எழுதினேன், ஒன்றரைப் பக்கம். எழுதிவிட்டுப் பார்த்தால் அந்தப் பெண் யாரோ. தம்பி மேல் பாசம் வந்ததும் அலமாரி மேல் ஆசை வந்துவிடுமா என்ன? வயிறு நிறைந்தது நிறைந்ததுதான்.

அக்கா செய்தது இது. தரையில் உட்கார்ந்தபடியே அலமாரியைப் பார்த்துச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"பேசணும்னா பேசலாம். நடுவுல எதுக்குப் பெட்டி?"

பிறகு கையுறைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"உட்காருங்க. அழறேனான்னு நல்லாப் பார்த்துக்குங்க."

அவர் பார்த்தார். உட்கார்ந்தார்.

"பழைய சிவப்பு உங்களுக்கு. நீலம் அவனுக்கு. கீழ்வரிசையை அவன் முதல்ல முடிச்சான், ஆனா வாயால சொல்லலை. நான் சொல்லிட்டேன். எங்கம்மா சட்டப்படி அது என்னோடது. எடுத்துக்குங்க."

கணவர் கூரையைப் பார்த்தார்.

"இது ஒண்ணைத் தவிர" என்று அக்கா காகத்தை மட்டும் வரிசையிலிருந்து உருவினாள். "இதுக்கு நான் சொன்னது பொய். அவன்தான் இப்போ சொன்னான், மூணு பேர் சாட்சியா. இது அவனோடது."

நகத்தால் சிவப்பைச் சுரண்டி எடுத்தாள். பேனா கேட்டாள். கையுறைக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நீலப் பேனா. சுரண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்து, மை காயும்வரை ஊதினாள். பிறகு தம்பியின் பெட்டிக்குள் வைத்தாள்.

மதியத்துக்குள் சுவர் காலியாகிவிட்டது. பெட்டிகள் மறைத்திருந்த இடத்தில் சுவரின் பழைய வண்ணம் தெரிந்தது. பச்சை அடித்திருந்தோம் என்பதே தனக்கு மறந்துபோயிருந்தது என்றார் கணவர்.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது கணவருடையது. மறுநாள் விடியலில் மச்சினன் வாசலில் வந்து நிற்கிறான். அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இவர் கடையை ஒருநாள் மூடிவிட்டு எல்லோருக்கும் சமைக்கிறார். நடந்ததா என்று கேட்டேன். "நடந்திருந்தா நல்லா இருக்கும்னு சொல்றேன் சார்" என்றார். அவருக்குச் சமைக்கவும் தெரியாது.

இரண்டாவது நாத்தனாருடையது. வழியில் பார்த்தபோது அவளிடமும் விசாரித்தேன். அவள் முடிவில் தம்பி இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டான். "சாமானைக் குடுத்தது தப்பில்லைங்க. சொல்லாம குடுத்ததுதான் தப்பு. என்கிட்ட எங்க அண்ணன் அப்படிப் பண்ணியிருந்தா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள். அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னாள்.

மூன்றாவது என்னுடையது. நன்றாகவே வந்திருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன். தம்பியின் கணக்குத்தான் எனக்கும் பிடித்திருக்கிறது: சொன்னால் எனக்கென்று ஆகிவிடும்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அதன் பிறகு அவள் கூப்பிட்டால் தம்பி எடுக்கவில்லை. படிக்கட்டில் ஏறுவதை விட்டுவிட்டானோ, ஏறியும் எடுக்கவில்லையோ.

9

அணைக்கு வாரம் ஒருமுறை அரிசி, எண்ணெய், உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போகும். நீலப்புள்ளிப் பெட்டியை அதில் அனுப்புவது என்று முடிவாயிற்று. கூடவே ஒரு கடிதம் என்று அக்கா சொன்னபோது, இந்தக் காலத்தில் கடிதமா என்று கணவர் கேட்டார். எடுக்காத போனில் என்ன பேசுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"அன்புள்ள தம்பிக்கு, நலம், நலமறிய…" கிழித்தாள். ஜென்மத்தில் ஒருநாளும் அவனிடம் நலம் விசாரித்தவள் இல்லை, அவன் பயந்துவிடுவான்.

"நீ சொல்லாமல் வைத்திருந்தது எனக்குத் தெரிந்திருந்தால்…" கிழித்தாள். தெரிந்திருந்தாலும் விற்றிருப்பாள்.

"காகத்தை நான் இன்னொரு தடவை…" இதையும் கிழித்தாள்.

விளையாட்டை எடுத்துவிட்டால் தாள் வெறுமையாக இருந்தது. தம்பியைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்தாள். அவன் விரல் எந்தப் பொத்தானில் தயங்கும் என்று தெரியும். அவன் படுக்கும் அறைக்கு ஜன்னல் உண்டா என்று தெரியாது. தெரியாதது ஏகமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. பேனா ஓடத் தொடங்கியது.

"தம்பி,

கீழ்வரிசை போய்விட்டது. காகம் உன்னுடையது, பெட்டிக்குள் இருக்கிறது. சொல்லாமல் செய்தது தப்பு. விற்றது தப்பில்லை.

அன்றைக்கு நான் சொன்னதில் பாதிதான் உனக்குக் கேட்டது. விற்பதற்காகத்தான் ஆரம்பித்தேன். நரிக்கு வந்தபோது, உனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் முடித்தேன். அதற்குப் பிறகு புள்ளி வைக்க மறந்து மறந்து போய், மறுநாள்தான் வைத்தேன்.

இனி என்னிடம் எந்த முடிவும் இல்லை. அதனால் கேள்வி கேட்கிறேன். ஷட்டரைத் திறக்கும்போது முதலில் சத்தம் வருமா, தண்ணீர் வருமா? அங்கே உனக்கு யார் சமைக்கிறார்கள்? உன் அறைக்கு ஜன்னல் உண்டா? இருந்தால் அதில் என்ன தெரியும்?

என் பக்கத்து விஷயம் ஒன்று. இன்று ஒருவரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்தி, அசையாதீர்கள் என்றேன். சிரிக்கலாமா என்று கேட்டார். நெஞ்சுப் படத்தில் சிரிப்பு தெரியாது, சிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். படம் ஆடிப்போய்விட்டது. மறுபடி எடுத்தோம்.

அக்கா."

படித்துப் பார்த்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நாத்தனார் தாளை வாங்கி, தன் தொழில் சுத்தத்தோடு மூன்றாக மடித்துக் கொடுத்தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். எனக்கு இந்தக் கடிதம் வேறு யார் மூலம் தெரிந்திருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அக்கா உறையின் ஓரத்தில் பசையைத் தடவி, மடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நடந்தாள். ஓட்டுநர் கையை நீட்டினார். அவசரமா என்று கேட்டார். இல்லை, ஆனால் கையில் கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர் அதை வாங்கி, வெயில் மறைப்புத் தட்டைக் கீழே இழுத்து, அதன் இடுக்கில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.